காவலுக்கு நின்ற எத்தன்

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அதற்குள் மூன்று தடவை இடம் மாறிவிடுவேன். ஜன்னல் ஓரம் வெயில், நடுவில் காற்றில்லை, பின்னால் தூக்கித் தூக்கிப் போடும். கண்டக்டருக்கு என்னை நன்றாகவே தெரியும். "டீச்சர், இன்னைக்கு மொதல்ல எந்த சீட்டு?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட்டைக் கிழிப்பார்.

முனைவர் பட்ட ஆய்வுக்கு எத்தன் கதைகளை எடுத்துக்கொண்டதற்கும் இந்தக் குணம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கதைகளில் ராஜா அரண்மனையில் இருப்பார், செட்டியார் கடையில் இருப்பார், முனிவர் மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். எத்தன் ஒருத்தன்தான் கதை முழுக்க அலைந்துகொண்டே இருப்பவன். எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

நம் பேச்சில் ஏமாற்றுகிறவனுக்கு இருக்கிற செல்லம் உழைக்கிறவனுக்குக்கூடக் கிடையாது. "சரியான எத்தன்லே அவன்" என்று யாராவது சொல்லும்போது சொல்கிறவர் முகத்தைக் கவனித்திருக்கிறேன். சிரிப்பு இருக்கும். கில்லாடி, எமகாதகன், பலே ஆள் என்று எத்தனை சொற்கள்! இன்றைய பிள்ளைகள் "செம உருட்டு மேம்" என்கிறார்கள். அதிலும் பாதி பாராட்டுதான். சினிமாவில் போலீஸை ஏய்த்துவிட்டு ஓடுகிறவனுக்குத் தியேட்டரே விசிலடிக்கிறது. இதே வேலையை ஒரு பெண் செய்தால் மட்டும் அவள் கைகாரி. அந்தச் சொல்லைச் சொல்கிற முகத்தில் சிரிப்பைத் தேடினாலும் கிடைக்காது. இதை ஆய்வேட்டின் முதல் இயலிலேயே கோபமாக எழுதியிருந்தேன். கோபத்தைக் குறைக்கச் சொல்லி நெறியாளர் மூன்று முறை திருப்பிக் கொடுத்தார். நான் மூன்று முறையும் கொஞ்சம் கூட்டித்தான் கொடுத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளர். பெயரில் உள்ள கௌரவம் வேலையில் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் வந்தால் வேலை இருக்குமா என்று அலுவலகத்தில் போய் விசாரிக்க வேண்டும். முனைவர் பட்டம் இல்லாதவர்களை அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ள முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆய்வுக்குப் பதிவு செய்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இனி நீட்டிப்பும் கிடைக்காது. ஆகவே பட்டம் கிடைத்தால் வேலை, இல்லையென்றால் வீடு. நிலைமை அவ்வளவுதான்.

என் ஆய்வைத் தூக்கி நிறுத்திய மனிதர் ஒரு நூற்பு மில்லின் காவலாளி. மில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே மெயின் ரோட்டில் இருக்கிறது. அவர் சேத்தூர்க்காரர். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்து, மில் வாசலில் நிற்கிறார். அறுபது வயதிருக்கும். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் அங்கே பழுதாகி நின்றபோது நிழலுக்கு ஒதுங்கினேன். பேச்சு எங்கெங்கோ போய், கதை தெரியுமா என்பதில் வந்து நின்றது. அவர் இரண்டு கதைகள் சொன்னார். இரண்டுமே எல்லாரும் சின்ன வயதில் கேட்ட நரிக்கதைகள். நன்றி சொல்லிவிட்டு நோட்டை மூடினேன். அடுத்த வாரமும் வரலாமா என்று ஒரு மரியாதைக்குக் கேட்டு வைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு பால்கோவாப் பெட்டியோடு போனேன். அவர் எனக்காகவே காத்திருந்தவர் போல, "ஒண்ணு ஞாபகம் வந்துச்சு டீச்சர், உக்காருங்க" என்றார்.

ஒரு ஜமீன்தார் தன் மாந்தோப்புக்கு ஓர் எத்தனைக் காவல் வைத்தார். "ஒரு பழம் மரத்தைவிட்டு இறங்கினாலும் உன் தோலை உரித்துவிடுவேன்" என்று எச்சரித்துவிட்டுப் போனார். எத்தன் மரத்தில் ஏறி, ஒரு பழத்தையும் பறிக்காமல், தொங்குகிற நிலையிலேயே தோலும் சதையுமாகத் தின்று தீர்த்தான். ஒரு மாதம் கழித்து ஜமீன்தார் வந்தால் தோப்பு முழுக்க வெறும் கொட்டைகள் காம்பில் ஆடிக்கொண்டிருக்கின்றன. "என்னடா இது?" என்று கத்தினார். எத்தன் கையைக் கட்டிக்கொண்டு, "நல்லாப் பாத்துக்கிடுங்க ஐயா. ஒண்ணாவது எறங்கியிருக்கா?" என்றான்.

நான் சிரித்த சிரிப்பில் லாரி டிரைவர் ஒருவர் தலையை நீட்டிப் பார்த்தார்.

அதன்பிறகு வாரம் ஒரு கதை. மொத்தம் ஐந்து. ஐந்திலும் எத்தன் எதற்காவது காவல் இருந்தான். தோப்புக்கு, கண்மாய்க்கு, களத்துமேட்டுக்கு, ஒரு கதையில் பிணத்துக்கு. எந்தக் கதைத்தொகுப்பிலும் இல்லாத கதைகள்! நான்காம் இயலை முழுக்க அவற்றை வைத்தே எழுதினேன். தலைப்பு, 'காவல்காரனாக எத்தன்: மேற்கு மலையடிவார மரபு.' இந்த வட்டாரத்தில் முன்பு இருந்த காவல் முறைக்கும் இந்தக் கதைகளுக்கும் முடிச்சுப் போட்டு நாற்பது பக்கம். கதை சொன்னவரே ஒரு காவல்காரர் என்பது என் கண்ணில் படவே இல்லை. இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கதை சொன்னவர் பற்றிய படிவத்தையும் அவரை வைத்தே நிரப்பினேன். அதில் தந்தை பெயருக்கு ஒரு கட்டம் உண்டு, தாய்க்குக் கிடையாது. அம்மாவைப் பற்றிக் கேட்டேன். "நான் பெறந்த மூணா நாளே போயிட்டாக டீச்சர். ஒரு போட்டோகூட இல்ல" என்றார். அதைக் குறிப்பு என்ற இடத்தில் எழுதிவைத்தேன். பின்னிணைப்பில் அப்படியே அச்சாகியும்விட்டது.

ஆய்வேட்டைப் படித்த புறத்தேர்வாளர் நான்காம் இயலை வானளாவப் புகழ்ந்திருந்தார். கூடவே ஒரு வரி. மாங்கொட்டைக் கதை ஒரே ஒருவரிடமிருந்து கிடைத்திருக்கிறது, வேறு ஊர்களிலும் வழங்குகிறதா என்று வாய்மொழித் தேர்வுக்குள் உறுதி செய்யவும். தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒரு வரிதானே என்று கிளம்பினேன்.

சேத்தூரில் அவருடைய தெருவிலேயே யாருக்கும் அந்தக் கதை தெரியவில்லை. பிளவக்கல் பக்கம் போனேன். அணைக்குக் கீழே தோப்புக் காவலில் இருந்த ஒருவரிடம் கதையைச் சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாம்பழத்த மரத்துல தொங்கவிட்டே திங்கவா? ஏம்மா, முசுறு கடிச்சுக் கொன்னு போட்டுரும்லா. தோப்புக்குள்ள கால வச்சவன் எவனும் இப்படிச் சொல்லமாட்டான்" என்றார். சொல்லிக்கொண்டே கையில் ஏறிய சிவப்பு எறும்பைத் தட்டிவிட்டார். எனக்கு அன்றைக்குத் தொடங்கிய படபடப்பு பிறகு அடங்கவே இல்லை. வகுப்பில் ஒரே பாடத்தை இரண்டு தடவை நடத்தினேன், பிள்ளைகளும் சொல்லவில்லை.

தேர்வுக்கு ஆறு நாள் இருக்கும்போது தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற ஒரு ஷெட்டுக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் மெஷினில் இருந்தார்கள். நம்பிக்கையில்லாமல்தான் கேட்டேன். காவல்காரன் கதை ஏதாவது தெரியுமா, மாந்தோப்பு வருகிற மாதிரி?

"கொட்ட தொங்குமே, அதாக்கா?" என்றாள் மூலையில் காஜா போட்டுக்கொண்டிருந்த பெண்.

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. ரெக்கார்டரைப் போட்டேன். அவள் சொன்ன கதையில் ஜமீன்தார் போய் ஓனர் வந்திருந்தார். காவல்காரன் நன்றாகத் தூங்கிவிடுகிறான். அவன் பெண்டாட்டிதான் ஊர்ப் பெண்களையெல்லாம் மரத்தில் ஏற்றி, பழம் தொங்கத் தொங்கத் தின்ன வைக்கிறாள். ஓனர் வந்து குதித்ததும் அவள் சொல்கிறாள், "ஒண்ணும் எறங்கல ஓனரே. எறக்கச் சொன்னா எறக்கித் தாரேன். கூடை எடுத்துட்டு வந்தீகளா?" ஷெட்டே சிரித்தது. "ஏட்டி, நம்ம ஓனரு காதுல விழப்போவுது" என்றாள் ஒருத்தி. கதையில் வந்த பெண்டாட்டியைக் கைகாரி என்று யாரும் சொல்லவில்லை.

"யாருகிட்ட கேட்டேம்மா இந்தக் கதைய?"

"போன்லக்கா. எங்க பக்கத்து வீட்டுப் பிள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்ல காலேஜ் படிக்குது. ஒரு டீச்சர் பேசுனதுன்னு போட்டுக் காமிச்சிச்சு. மாம்பழப் படம் மட்டும் இருக்கும், பேசுறது கேக்கும்." பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "ஒங்க கொரலு மாதிரிதாங்க்கா இருந்துச்சு."

என் குரலேதான். எங்கள் துறை விழாவில் நான் சொன்ன கதையை எந்தப் பிள்ளையோ பதிவு செய்து சுற்றுக்கு விட்டிருக்கிறது. எனக்குச் சாட்சியாக நானே வந்து நிற்கிறேன். ரெக்கார்டரை அணைத்துவிட்டு வெளியே வந்து, எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறினேன்.

மறுநாள் மில் வாசலில் போய் நின்றேன். அவர் ஒரு பஞ்சு லாரியை உள்ளே விட்டு, நம்பரைக் குறித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மாங்கொட்டைக் கதைய ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல டீச்சர். நானாத்தான் சொன்னேன்."

"மத்த நாலும்?"

"அதுவும்தான்." கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. நோட்டை மூடிக் கம்பியில் மாட்டினார்.

நான் கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஏன் முதலிலேயே சொல்லவில்லை, என் ஆறு வருஷத்தோடு இப்படியா விளையாடுவது என்றெல்லாம் கேட்டேன். அவர் லாரி போன கேட்டைச் சாத்திவிட்டு வந்தார்.

"மொத நாளு ரெண்டு கத சொன்னேன். ஒங்க மூஞ்சி வாடிப்போச்சு. வெயில்ல வந்த பிள்ளைய வெறுங்கையோட எப்படி அனுப்ப? சரி, வேற ஒண்ணு யோசிச்சு வப்போம்னு இருந்தேன். பொறவு நீங்க வாரா வாரம் வந்தீக. இங்க எட்டு மணி நேரம் நிக்கேன் டீச்சர். கேட்டத் தொற, கேட்ட மூடுன்னு சொல்றதத் தவுத்து எங்கிட்ட எவனும் ஒண்ணும் கேட்டதில்ல. செவ்வாக்கெழமைக்குள்ள ஒரு கத ரெடி பண்ணிருவேன்."

எனக்கு அப்போது அது எதுவும் காதில் ஏறவில்லை. "நீங்க யாருகிட்டயாவது கேட்டுச் சொல்லியிருந்தாத்தான் அது மரபு. நீங்களே கட்டுனதுன்னு தெரிஞ்சா என் பரிச்ச போச்சு, வேலையும் போச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கொண்டுபோன பால்கோவாவைக் கொடுக்கவில்லை. பஸ்ஸில் கோபத்தோடு பாதியை நானே தின்றேன். மீதியைத் தின்ன முடியாமல் பக்கத்தில் இருந்த குழந்தையிடம் கொடுத்தேன்.

இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். சொல்லாமல் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மனது. உருட்டுவது எப்படி என்று நாற்பது பக்கம் எழுதியவளுக்கு ஒரு நிமிடம் உருட்டத் தெரியாதா? ஆனால் அந்த ஷெட்டுக்குள் என் குரல் திரும்பி வந்தபோது ஏற்பட்ட கூச்சம் போகவே இல்லை. கடைசியில் ஒரு தாளில் எழுதினேன். மாங்கொட்டைக் கதை முதலிய ஐந்தும் மரபுக் கதைகள் அல்ல, சொன்னவரே புனைந்தவை, நான்காம் இயலைத் திரும்பப் பெறுகிறேன். எழுதி முடித்ததும் அழுதேன். உண்மை சொல்கிற நிம்மதியில் வந்த அழுகை கிடையாது. வேலை போகப்போகிறதே என்ற பயத்தில் வந்ததுதான்.

எங்கள் பக்கம் வாய்மொழித் தேர்வு என்பது பாதி கல்யாணம். நான் பதிவு செய்திருந்த ராஜபாளையம் கல்லூரியில்தான் நடந்தது. அழைப்பிதழ் அடித்து எல்லாருக்கும் இரண்டு வாரம் முன்பே கொடுத்தாகிவிட்டது. கேசரி, வடை, காபி, தேர்வாளருக்குப் பொன்னாடை எல்லாம் தயார். தாள் நான்காக மடித்து என் கைப்பைக்குள். உள்ளே நுழைந்ததும் கடைசி வரிசையைப் பார்த்துத் திடுக்கிட்டேன். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பளபளக்கிற ஷூவோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அழைப்பிதழை அவருக்கும் கொடுத்திருந்தேன், மறந்தே போய்விட்டது.

புறத்தேர்வாளர் பெரியவர், சாந்தமானவர். முதல் மூன்று இயல்களில் பத்துக் கேள்விகள் கேட்டார். பிறகு நான்காம் இயலைத் திருப்பினார்.

"மாங்கொட்டைக் கதைக்கு இரண்டாவது சான்று கேட்டிருந்தேனே அம்மா?"

கைப்பையைத் திறந்து தாளை வெளியே எடுத்தேன். மடிப்பைப் பிரிக்கத் தொடங்கினேன். அதற்குள் என் நெறியாளர் உற்சாகமாக எழுந்து, கதையைச் சொன்னவரே அரங்கில் இருக்கிறார் என்று அறிவித்துவிட்டார். எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின.

"அப்படியா? ரொம்ப நல்லது. ஐயா, இந்தக் கதையை நீங்கள் யாரிடம் கேட்டீர்கள்?"

அவர் எழுந்து அட்டென்ஷனில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"எங்க அம்மா சொன்னதுங்கய்யா."

"அம்மாவா?"

"ஆமாங்கய்யா. அவியளுக்கு அவிய அம்மா சொன்னதாம். களை எடுக்கப் போற எடத்துல என்னைய வரப்புல உக்கார வச்சுச் சொல்லுவாக. கொட்ட தொங்குத எடம் வந்துச்சுன்னா களக்கொத்தக் கீழ போட்டுட்டு, கைய இப்படி ஆட்டிக் காட்டுவாக." கையை மேலே தூக்கி, விரல்களைத் தொங்கவிட்டு, மெல்ல ஆட்டினார். முப்பது நாற்பது பேர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் சிரிப்பேன். இன்னொரு தடவ சொல்லும்பேன். அவியளும் சொல்லுவாக."

தேர்வாளர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். அவருடைய இடது கை ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களுக்குள் இருந்தது. அவர் விரல் இருந்த இடத்திலிருந்து நாலைந்து தாள் தள்ளி, அம்மா மூன்றாம் நாள் இறந்த செய்தி அச்சில் இருந்தது. அவர் திருப்பவில்லை. யாரோ கைதட்டத் தொடங்க, அரங்கு முழுக்கத் தட்டியது.

நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது உண்மையைச் சொன்னால், தேய்த்த சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக வந்த மனிதரை இத்தனை பேர் முன்னால் பொய்யர் என்று சொல்ல வேண்டும். அந்த அம்மாவையும் வரப்பிலிருந்து எழுப்பி அனுப்ப வேண்டும். என்னால் முடியவில்லை. இது இரக்கம் மட்டுமே என்று சொன்னால் அதுவும் உருட்டுதான். வேலை பிழைத்தது என்ற சந்தோஷமும் அந்த நொடியில் எனக்கு இருந்தது. தாளைத் திரும்ப மடித்து உள்ளே வைத்தேன்.

வடை சாப்பிடும்போது அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

"ஏன் அண்ணாச்சி பொய் சொன்னீக? அதுவும் அம்மாவ இழுத்து?"

"வேற யாரு பேரச் சொன்னாலும் போயிக் கேப்பாக. அவியகிட்டப் போயி யாரு கேக்க முடியும்?" என்றார். சரியான எத்தன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் வடையைப் பிய்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மொதல்ல ஒங்களுக்காகத்தான் சொல்ல ஆரம்பிச்சேன் டீச்சர். சொல்லச் சொல்ல, நெசமாவே வரப்புல இருந்த மாதிரிதான் இருந்துச்சு."

பட்டம் கிடைத்தது. வேலையும் இருக்கிறது. தேர்வாளர் சொன்ன ஒரே திருத்தம், கதைக்குக் கீழே 'தம் தாயிடம் கேட்டது' என்று சேர்க்க வேண்டும் என்பது. நானே தட்டச்சு செய்து சேர்த்தேன். ஐந்து கதைகளைத் தன் மண்டையிலிருந்து எடுத்துக் கொடுத்த மனிதரிடமிருந்து அந்தப் பெருமையையும் பிடுங்கிவிட்டேன். யாராவது ஒருநாள் அந்தப் பக்கத்தையும் பின்னிணைப்பையும் சேர்த்துப் படித்தால் நான் மாட்டிக்கொள்வேன். பஸ்ஸில் இப்போது நாலு தடவை இடம் மாறுகிறேன்.

பைண்டு செய்த பிரதி ஒன்றை அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்குக் கொண்டுபோனேன், பால்கோவாவோடு. தளவாய்புரத்துப் பெண் மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். "கூடை எடுத்துட்டு வந்தீகளான்னாளா?" என்று இரண்டு முறை கேட்டுச் சிரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டு, நான் காட்டிய வரியை எழுத்துக்கூட்டுவது போல மெதுவாகப் படித்தார்.

"தாயிடம்னு மட்டும் போட்டிருக்கீகளே. பேரு போடலையா?"

"நீங்க பேரு சொல்லலையே அண்ணாச்சி."

"நீங்க கேக்கலையே" என்றார்.

கேட்டேன். அதற்குள் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை. பெயரைச் சொன்னார். பேனாவை எடுத்து, அச்சடித்த வரிக்கு மேலே எழுதிக் கொடுத்தேன்.